மதகுக் கல்

எறிந்துதான் இருக்க வேண்டும், எறியாமல் எப்படி, பதினொரு வருடமாக எறிகிற கை அல்லவா, கல்லைக் காண்பது, கொப்பியில் இரண்டு கையெழுத்து வைப்பது, கல்லைத் தூக்கி மதகோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு வீச்சு வீசுவது, அதோடு அன்றைய நடை முடிந்தது, அதையெல்லாம் கையே பார்த்துக்கொள்ளும், தலையைத் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை... அதுதான் இப்போது வில்லங்கம். தலையைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறது, கையைக் கேட்டால் அது சோறு பிசைந்துகொண்டிருக்கிறது. இன்று கல்லை எறிந்தது சோமசேகரத்துக்கு நன்றாக நினைவிருக்கிறது, காலை பத்தேமுக்கால் இருக்கும், வெள்ளை முருகைக்கல், கானில் விழுந்ததும் ஒரு கொக்கு கோபித்துக்கொண்டு எழும்பிப் போனது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது இன்றைய கல்தானா, நேற்றைய கல்லா? நேற்று வியாழக்கிழமை எறியாமல் விட்ட கல் ஒன்று இரவு முழுவதும் மதகுச் சுவரில் குந்திக்கொண்டிருந்து, இன்று காலையில் அவரைப் பார்த்துப் பல்லிளித்திருந்தால்? சீனன்குடா வால்வுக் கொட்டிலின் ஒற்றைக் கதிரையில் இருந்து, மனைவி அன்னலட்சுமி கட்டிவிட்ட பார்சலில் இரண்டாவது கவளத்தை எடுத்தவர், அதை வாயில் வைக்க மறந்து அப்படியே இருந்தார். சூடைமீன் பொரியல் வேறு, ஆறிக்கொண்டிருந்தது.

கல்லென்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஜெற்றியில் கப்பல் வந்து கட்டினால் எண்ணெய் ஒரு குழாய் வழியாகத் தாங்கிகளுக்கு ஏறும், நடுவில் ரயில் பாதை, அந்த இடத்தில் குழாய் ஒரு மதகுக்குள் புகுந்து தண்டவாளத்துக்குக் கீழால் மறுபக்கம் வரும். தாங்கிப் பக்கத்தை நடந்து பார்ப்பது சோமசேகரம், ஜெற்றிப் பக்கத்தை நடந்து பார்ப்பது ஸஹாப்தீன். இரண்டு பேரும் மதகில் சந்தித்து, முகத்துக்கு முகம் பார்த்து, தகரப் பெட்டியில் கிடக்கும் கொப்பியில் அவரவர் கையெழுத்தை அவரவர் வைக்க வேண்டும் என்று விதி. முகத்தில் என்ன இருக்கிறது பார்க்க, பதினொரு வருடம் பார்த்த முகம், ஒருவன் வந்து சேரும்வரை மற்றவன் வெயிலில் கருவாடாக வேண்டுமா? ஆகவே முதலில் வருபவன் சுவரில் ஒரு கல்லை வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம், என் பக்கம் பார்த்தாயிற்று, சுத்தம் என்று அர்த்தம். பின்னால் வருபவன் இரண்டு பேருக்குமாகக் கையெழுத்து வைத்துக் கல்லை எறிந்துவிடுவான். கல் இல்லையென்றால் மற்றவன் வரவில்லை, அவனுடைய பக்கத்தையும் நீயே நட. கறுப்பெண்ணெய்க் காலத்துக்கு இது தாராளம், கறுப்பெண்ணெய் குழம்பு மாதிரி, குழாய் மூட்டில் எண்ணெய் வேர்த்தால் சாக்குத் துண்டால் துடைத்துவிட்டுப் போகலாம், நெருப்புக்குச்சி கிழித்துப் போட்டாலும் யோசித்து யோசித்துத்தான் பற்றும். தை மாதத்திலிருந்து அதே குழாயில் பெற்றோல் வருகிறது. பெற்றோலுக்கு யோசனை கிடையாது, மேலே போகிற எஞ்சினோ தணல் கொட்டிக்கொண்டு போகிறது, அதற்காகத்தான் இந்தப் புது விதிகள் பதினான்கும் வந்தன, பாதைக்கு இருபுறமும் இருநூறு யார் தூரத்துக்குள் உள்ள மூட்டு ஒவ்வொன்றையும் கையால் தடவிக் குனிந்து மணந்து பார், எண்ணெய் ஓடும் நேரம் ரயில் கோச்சி வந்தால் மதகில் கொடியோடு நில், சுத்தமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எண்ணெய் மாறியது, விதி மாறியது, கல் மட்டும் பழைய கல்லாகவே இருந்தது. இன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து பெற்றோல் ஓடுகிறது, ஒன்று இருபத்தைந்துக்குக் கோச்சி வரும்.

நேற்று அந்த ஞானசேகரம் வராமல் இருந்திருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை. பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் என்று கொழும்பிலிருந்து வந்து மூன்று மாதம், வெள்ளைக் காற்சட்டை, கையில் எப்போதும் அந்த விதிப் புத்தகம், மனிதர் எந்தப் பற்றைக்குள்ளிருந்து முளைப்பார் என்று சொல்ல ஏலாது. நேற்றுச் சோமசேகரம் கொப்பியில் தன் பெயரை எழுதி, ஸஹாப்தீனின் பெயரையும் எழுதி, அந்தக் கடைசி எழுத்தின் வாலை ஸஹாப்தீன் இழுக்கிற மாதிரியே இழுத்து முடித்து நிமிர்ந்தால், முன்னால் ஞானசேகரம் நிற்கிறார். கையெழுத்து வைத்ததைக் கண்டாரா? காணவில்லை, கண்டிருந்தால் விடுவாரா. கண்டது கல்லைத்தான். "உது என்னத்துக்கு, அந்தக் கல்லு?" நாக்கு தானாகவே சொன்னது, "கொப்பி எழுதேக்க தாள் பறக்குது ஐயா, பாரத்துக்கு வைக்கிறது." ஞானசேகரம் கல்லைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், தலையாட்டினார், நல்ல யோசனைதான் என்றுகூடச் சொன்னார், பாவம். தாளுக்குப் பாரமான கல்லை அவர் கண்முன்னால் எப்படிக் கானுக்குள் எறிவது? பெட்டியைப் பூட்டி, கல்லைச் சுவரிலேயே மரியாதையாக வைத்துவிட்டு, அவரோடு கதைத்துக்கொண்டு தாங்கிப் பக்கம் நடந்தார். அதுவரை எல்லாம் தெளிவு. அதற்குப் பிறகு அவர் ஜீப்பில் ஏறிப் போனதும் தான் மதகுக்குத் திரும்பி வந்தது போலவும் ஒரு நினைவு இருக்கிறது, குடையை விட்டுவிட்டு வந்து எடுக்கப் போனது, அப்போது கல்லையும் எறிந்தது... ஆனால் குடையை விட்டது நேற்றா, புதன்கிழமையா? புதன் மழை பெய்தது, மழை நாளில் குடையை யாராவது மறந்துவிட்டு வருவானா, நேற்று வெயில், வெயிலுக்கும் குடை பிடிக்கிறவர்தானே அவர். இப்படியே போனால் பைத்தியம்தான் பிடிக்கும்.

அவர் கையைக் கழுவினார். சோறு காகத்துக்கு. ஸஹாப்தீன் இன்று வந்தானா என்பது தெரிந்தால் போதும், வந்திருந்தால் கல் இன்றையது, பிரச்சினை முடிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை அவன் காலமையே தன் பக்கத்தை நடந்து முடித்து ஜெற்றிப் பாதையால் வெள்ளைமணலுக்குப் போய்விடுவான், வீட்டில் குளித்து ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போய், முடிந்த பிறகுதான் திரும்புவான், முகமே காண்பதில்லை. மற்ற வெள்ளிகளில் அது ஒரு பொருட்டே இல்லை. இன்று பொருட்டு, ஏனென்றால் முந்தாநாள் அவன் சொன்னது, "மகள் றஹ்மாவுக்குக் காய்ச்சல் விடுதில்ல சோமண்ணன், வெள்ளிக்கிழமை ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும் போல இரிக்கு, பாப்பம்." பாப்பம் என்றான், அவ்வளவுதான். வராவிட்டால் கல் இருக்காது, கல் இல்லையென்றால் அண்ணன் நடப்பார், இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும், அவன் கணக்கில் அது சரி. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரி வரிசையில் நிற்கிறானோ என்னவோ, இங்கே அவனுடைய பெயர் சுத்தம் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு கொப்பிக்குள் கிடக்கிறது. ரெலிபோனை எடுத்தால் என்ன? எடுத்தார். பம்பை நிற்பாட்டுங்கள், ஜெற்றிப் பக்கம் பார்க்கவில்லை, இரண்டே வசனம். மறுமுனையில் பாக்கியரத்தினம், கந்தோரில் ரெலிபோனுக்கு இருக்கிறவன், வாய் நிறைய வெற்றிலை. "சொல்லுங்கோ சோமண்ணை." பின்னால் ஞானசேகரத்தின் இருமல் கேட்டது, மதிய வேளையிலும் கதிரையை விடாத மனிதர். "ஒண்டுமில்லை... நேரம் என்ன இப்ப?" "ஒண்டு அஞ்சு." "சரி, சரி." வைத்துவிட்டு அவர் அந்தக் கறுப்பு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் கெட்ட வேலை, நேரம் கேட்டாராம் நேரம், சுவரில் ஒரு மணிக்கூடு தொங்கிக்கொண்டிருக்கும்போது.

இரண்டு கொடியையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார், கோச்சிக்கு முன் மதகுக்குப் போனால் ஜெற்றிப் பக்கத்து ஏழு மூட்டுகளையும் ஓட்டமாகப் பார்த்துவிடலாம், பார்த்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எண்ணெய்க்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாக முடிந்துபோகும். கால் விரைவாகப் போகவில்லை, ஐம்பத்துமூன்று வயதுக் கால், வலது முழங்காலில் ஒரு கிறீச். கூட வேலைசெய்த சின்னராசாவின் நினைவு வந்தது, வரக்கூடாத நேரத்தில்தானே வரும். போன மாதம் நாலாம் நம்பர் வால்வைப் பார்க்காமல் பார்த்தேன் என்று கையெழுத்து வைத்தான், ஞானசேகரம் வால்வில் முதல்நாளே வெண்கட்டிக் கோடு போட்டு வைத்திருந்தார், கோடு கலையவில்லை, ஆள் கலைந்துபோனான், அன்று பின்னேரமே வேலை இல்லை, குவாட்டர்சும் இல்லை, மூன்று பிள்ளைகளோடு புல்மோட்டைக்கு மண் அள்ளப் போனான் என்று கேள்வி. ஒருவனுக்கு அப்படியென்றால், மற்றவனுடைய பெயரையும் சேர்த்து எழுதியவனுக்கு என்ன? இத்தனைக்கும் அது களவு இல்லை, கடவுளே, சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர் மனைவியின் ஊரில் போய்க் கிடக்கிற ஏழெட்டு நாளும் ஸஹாப்தீன்தான் இரண்டு பக்கமும் நடக்கிறான், சோமசேகரம் என்று எழுதுகிறான், அவர் எழுதுவதைவிட வடிவாக எழுதுகிறான், நோன்பு மாதத்தில் அவனுடைய நடையை அவர் நடக்கிறார், இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்? யாரையும் இல்லை. ஆனால் கொப்பி கோயிலையும் நோன்பையும் கேட்காது, சரி, அது பேயன் கொப்பி, அதற்குச் சொல்லத் தெரியாது... ஸஹாப்தீன் நடந்துதான் இருப்பான். ஆசுபத்திரி எட்டு மணிக்குத் திறக்கும், அவன் ஆறு மணிக்கே நடந்து முடித்திருப்பான், அப்படிப்பட்ட ஆள், பொறுப்பான ஆள். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் பொறுப்பான ஆள் முதலில் எதைப் பார்ப்பான்? அவர் நடையைக் கூட்டினார், கூட்டியதும் முழங்கால் இன்னும் சத்தமாகக் கேட்டது.

மதகில் கல் இல்லை, எப்படி இருக்கும், அவர்தான் எறிந்தாரே. கானை எட்டிப் பார்த்தார். பதினொரு வருடத்துக் கல் அத்தனையும் அங்கே கிடந்தது, வெள்ளை வெள்ளையாக, அதில் நேற்றையது எது, இன்றையது எது, கொக்கைத்தான் கேட்க வேண்டும். மூக்கை உறிஞ்சினார். பெற்றோல் மணம் வந்தது, வரத்தான் செய்யும், இந்தப் பக்கம் எப்போது வரவில்லை, அவருடைய சட்டையிலேயே வரும், தலையணையில் வருகிறதென்று அன்னலட்சுமி தினமும் புறுபுறுக்கிறாள். இது காற்றில் வருகிற மணமா, சட்டையில் வருகிற மணமா? சட்டையைக் கழற்றிவிட்டா மணப்பது. ஜெற்றிப் பக்கம் இறங்கி முதல் மூட்டுக்குப் போகக் காலை வைத்தார், அப்போது வளைவுக்கு அப்பால் கூவியது கோச்சி. வருடத்தில் முந்நூறு நாள் முக்கால் மணித்தியாலம் பிந்தி வருகிற சனியன், இன்றைக்கு நேரத்துக்கு வருகிறது. புகை தெரிந்தது. அவர் திரும்ப மேலே ஏறித் தண்டவாளத்தருகே நின்று பச்சைக் கொடியை விரித்தார், கைப்பழக்கம், கோச்சி என்றால் பச்சை. கந்தளாயிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் ஏறிய சனம் ஜன்னலெல்லாம் தலையாக இருக்கும், வாழைக்குலை, கோழிக்கூடை, சந்தைக்குப் போய்விட்டு வருகிற கிழவிகள், யாரோ ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், எஞ்சினுக்கு அடியில் தணல் சொட்டிக்கொண்டு வரும்... சொட்டினால் என்ன, ஒன்றும் ஆகாது, ஸஹாப்தீன் நடந்திருப்பான், நூறு தரம் சொல்லியாயிற்று. நூறு தரம் ஏன் சொல்ல வேண்டும்? எஞ்சினின் முகம் வளைவில் தெரிந்தபோது பச்சை கீழே கிடந்தது, சிவப்பு அவருடைய தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. எந்தக் கை செய்ததென்று அவருக்கே தெரியாது. இரும்பை இரும்பு கடிக்கிற பிறேக் சத்தத்தோடு, மதகுக்கு நூறு யார் தூரத்துக்கு அப்பால், முழுக் கோச்சியும் நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது, இத்தனை பெரிய சாமானை ஒரு முழத் துணியால் நிற்பாட்டிவிட்டேனே என்று ஒரு சின்னப் பெருமை, பொய் சொல்லக்கூடாது, இருந்தது.

பெருமை கோச்சிக் கார்ட் இறங்கி வரும்வரைதான். தடித்த மனிதர், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகமும் பென்சிலும் எடுத்தார். "என்ன, லீக்கோ?" "தெரியேல்லை ஐயா, பாக்க வேணும்." "தெரியாமலோ சிவப்புக் காட்டினனீர்?" அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "பன்னிரண்டாம் விதி இருக்கல்லோ. காரணம் எழுத வேணும், உம்மட கந்தோருக்கும் ஒண்டு, எங்கட கந்தோருக்கும் ஒண்டு. சரி, வாரும், நானும் பாக்கிறன்." இரண்டு பேரும் ஜெற்றிப் பக்கம் இறங்கினார்கள். பின்னால் கோச்சியிலிருந்து யாரோ என்னவாம் என்று கேட்க, யாரோ குழாய் வெடிச்சிட்டுதாம் என்று சொல்ல, ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. முதல் மூட்டு. குனிந்து தடவினார், சுற்றிவரத் தடவினார், மூக்கை வைத்து மணந்தார், வெயிலில் சுட்ட இரும்பு, அவ்வளவுதான். "ஒண்டுமில்லை," என்றார். கார்ட் எழுதினார். இரண்டாவது மூட்டுப் பற்றைக்குள் இருந்தது, முள்ளை விலக்கித் தடவினார், கை துருவோடு வந்தது, காய்ந்த துரு. "ஒண்டுமில்லை." மூன்றாவதைத் தொடக் குனியும்போது முழங்கால் கிறீச்சிட்டது, மூட்டின் அடியில் விரலை ஓட்டினார், சற்றே ஈரம் பட்டது போல இருந்தது, நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது, விரலை மூக்கடியில் வைத்தார்... வேர்வை. தன்னுடைய வேர்வை. எண்ணெய் இல்லை.

அப்போதுதான் அந்தத் துள்ளலைப் பிடித்தார். என்ன துள்ளல் அது? பயத்தில் வருகிற துள்ளலைப் பதினொரு வருடமாகத் தெரியும், அது அடிவயிற்றில் வரும், இது மேலே வந்தது, நெஞ்சில், இனிப்பாக, லொத்தர்ச் சீட்டின் முதல் இரண்டு இலக்கமும் சரிவந்தவனுக்கு வருகிற மாதிரி. வேர்வை என்றதும் விழுந்ததே ஒன்று, அதுவும் பயம் தீர்ந்த நிம்மதி இல்லை, ஏமாற்றம். அட பாவி, பெற்றோல் கசிந்திருக்க வேண்டுமென்றா இத்தனை நேரம் தடவிக்கொண்டு வருகிறாய்? பின்னால் நூறு யார் தூரத்தில் எஞ்சின் புகைத்துக்கொண்டு நிற்கிறது, பிள்ளை அழுகிறது, நீ இங்கே ஈரத்தைத் தேடுகிறாய். ஈரம் இருந்தால் காரணம் இருக்கிறது, சோமசேகரம் கோச்சியைக் காப்பாற்றினார் என்று இரண்டு கந்தோரிலும் எழுதுவார்கள், ஞானசேகரம் கை கொடுப்பார். பிறகு கொப்பியைத் திறப்பார்கள், ஜெற்றிப் பக்கம் சுத்தம் என்று யார் எழுதியது? ஸஹாப்தீன். வால் இழுத்த கையெழுத்து, யார் பார்த்தாலும் ஸஹாப்தீனுடையதுதான், அவன் பெண்சாதி நஜ்முன் நிஸாவே சத்தியம் பண்ணுவாள். நான் வைக்கவில்லை என்று அவன் சொன்னால் யார் நம்புவது, நான்தான் வைத்தேன் என்று சொல்ல இங்கே ஒருவன் இருக்கிறான், சொல்வானா அவன்? சொல்வேன், கட்டாயம் சொல்வேன்... ரெலிபோனிலும் இப்படித்தான் சொல்லப் போனார், நேரம் கேட்டுவிட்டு வைத்தார். ஈரம் இல்லாவிட்டால் கார்ட்டின் பென்சில் காத்திருக்கிறது, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது, ஒரு கல்லில் சந்தேகம் வந்தது என்றா? "இன்னும் நாலு கிடக்கு," என்றார் கார்ட், தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டு. பிறகு, "ஆரோ வாறார்," என்றார்.

ஜெற்றிப் பாதையால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது, தலையில் வெள்ளைத் தொப்பி, சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று மிதிக்கிறான், கோச்சி நிற்பதை வெள்ளைமணல் திருப்பத்திலேயே கண்டிருப்பான். காலமையும் இதே பாதையால் போனானா, இல்லை ஆசுபத்திரியிலிருந்து நேரே பள்ளிக்குப் போனானா, முகத்தில் எழுதியா இருக்கிறது, அவன் முகத்தில் பயம் மட்டும்தான் இருந்தது. "உவர்தானே மற்றவர்?" என்று கார்ட் கேட்டார். "ஓம்." "பிறகென்ன, உவரையே கேளுமன், காலமை பாத்தவரோ எண்டு. பாத்திருந்தால் நான் கோச்சியை எடுக்கிறன், நீர் உம்மட காரணத்தை ஆறுதலா எழுதும்." ஸஹாப்தீன் சைக்கிளைப் பற்றையில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான், மூச்சு வாங்கியது. "என்ன சோமண்ணன், என்ன நடந்த?" கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான், குழந்தைகூடக் கேட்கும், நீ காலமை நடந்தனியோ. நடந்தனான் என்று அவன் சொன்னால் கோச்சி போகும், அத்தனை சனமும் வீடு போகும், அவனுக்கும் ஒன்றும் வராது. இல்லை என்றால் சிவப்புக்குக் காரணம் கிடைக்கும், கொப்பியில் பெயர் கிடக்கிறவன்தான் அகப்படுவான். சோமசேகரம் வாயைத் திறந்தார். திறந்தபோது தன் நெஞ்சு ஸஹாப்தீனுக்கு முன்னால் கைகூப்பி நின்று, இல்லை என்று சொல்லு, நடக்கவில்லை என்று சொல்லு என்று கெஞ்சிக்கொண்டிருப்பது அவருக்குக் கேட்டது. வாயை மூடிக்கொண்டார். "றஹ்மாவுக்கு எப்பிடி இருக்கு?" என்றார்.